சாய்ந்தால் மட்டும் போகும் காற்று

கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த பட்டறையிலிருந்து போன மாதம் போன் வந்தது. இப்போது அங்கே வீல் பார்க்கும் பிள்ளைகள் ஸ்பீக்கரில் போட்டு ஆளுக்கு ஒன்றாகப் பேசினார்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கி ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்களாம். காருக்கு என்ன வயதோ அதே வயதுதான் அதன் அலாய் வீலுக்கும். ஆனால் பாலிஷ் போட்டு, புது டயர் மாட்டி, கண்ணாடி மாதிரிக் கொண்டுவந்து நிறுத்துகிறார்களாம். "பாக்க நல்லாத்தானே இருக்கு, அப்புறம் எதுக்கு டெஸ்ட்டுன்னு சண்டைக்கு வர்றாங்கய்யா. நீங்க ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, செவுத்துல ஒட்டிடறோம்" என்றார்கள்.

ஒரு பக்கத்தில் அடக்க எனக்கு வராது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சுருக்கி எழுதுவதற்குத்தான் படிப்பு வேண்டும் என்று தோன்றுகிறது. காரைக்குடி வீட்டில் விளக்கேற்றிவிட்டு, குன்றக்குடி முருகனை மனதில் நிறுத்திக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். சுவரில் ஒட்ட முடியாவிட்டால் மேசை டிராயரில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வீல் பழக்கமானது காரைக்குடியில், லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடையில். கல்யாணம் ஆன பிறகு மச்சினன் தயவில் கோயம்புத்தூர் போனேன். ரேஸ் கார்களுக்கு வேலை செய்யும் பட்டறையில் டயர் மாட்ட ஆள் கேட்டார்கள், சேர்ந்தேன். டயர் மாட்டினேன், பேலன்ஸ் பார்த்தேன், பிறகு வீல் பரிசோதனைக்கு மாற்றினார்கள். அங்கேதான் அருளானந்தம் சார் இருந்தார்.

சார் காளையார்கோவில் பக்கத்துக்காரர். எங்கள் சீமை ஆள் என்பதால் முதல் நாளே பேச்சு ஒட்டிக்கொண்டது. கிரீஸும் கரியும் இருக்கும் பட்டறைக்கு வெள்ளைச் சட்டையில் வருவார், சாயங்காலம் அது வெள்ளையாகவே வீட்டுக்குப் போகும். குரலை உயர்த்த மாட்டார். வீலைத் தொடும் முன் வாட்சையும் மோதிரத்தையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார், கீறல் விழக் கூடாது என்று. காலையில் வேலையைத் தொடங்கும்போது அவர் சிலுவைக் குறி போடுவார், நான் திருநீற்றுப் பொட்டலத்தை எடுப்பேன். பிறகு இருவரும் குழாயடிக்குப் போவோம். "வேண்டுறதெல்லாம் கைய அலம்புறதுக்கு முன்னாடிய்யா. அலம்புன பெறகு கண்ணு மட்டுந்தான் வேல செய்யணும்" என்பார். என் வேலைக்காலம் முழுவதும் நான் அதே வரிசையில்தான் செய்தேன்.

அவர் பரிசோதிக்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் பெயிண்டை முழுக்க எடுக்க வேண்டும். மருந்து தடவி ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும், காற்றில் மணலைப் பீய்ச்சி அடித்து எடுக்கக் கூடாது. மணல் அடித்தால் அலுமினியத்தின் மேல்தோல் நசுங்கி விரிசலின் வாய் மூடிக்கொள்ளும். வாய் மூடிய விரிசல் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. பெயிண்டை எடுத்தபின் வீலைக் கயிற்றில் தொங்கவிட்டு மரச்சுத்தியால் தட்டிக் காது கொடுப்பார். நல்ல வீல் கோயில் மணி மாதிரி இழுத்துக்கொண்டு அடங்கும். சிலது சட்டென்று நிற்கும். அதை மட்டும் வைத்து அவர் தீர்ப்புச் சொன்னதில்லை, புருவம் மட்டும் ஏறும். அடுத்து சிவப்புச் சாயம். மெல்லிசாகப் பூசிவிட்டு ஒரு டீயை ஆற அமரக் குடித்து முடிக்கும் நேரம் காத்திருப்போம். விரிசல் இருந்தால் சாயம் அதற்குள் இறங்கியிருக்கும். மேலே இருப்பதைத் துணியால் துடைத்து எடுப்போம். கழுவு மருந்தை நேராக வீலில் ஊற்றவே கூடாது, ஊற்றினால் விரிசலுக்குள் போன சாயமும் வந்துவிடும். கடைசியாக வெள்ளைப் பொடி. "திருநீறு பூசுற மாதிரி பூசுய்யா. அப்பாத" என்று கிறிஸ்தவரான அவர்தான் எனக்குச் சொன்னார். வெள்ளைக்கு அடியில் விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்திருந்த சிவப்பு மெதுவாகக் கசிந்து கோடாக எழும்.

எழாவிட்டால்? அங்கேதான் சாரின் குணம். "நல்ல வீல்" என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. லென்சை மடக்கி வைத்துவிட்டு, "இன்னைக்கு இல்ல" என்பார். அவ்வளவுதான். வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். "என்ன சார், எப்பவுமே இல்லைன்னு சொல்லுங்களேன்!" என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே மோதிரத்தை மாட்டிக்கொள்வார்.

அதற்குக் காரணம் இருக்கிறது. இரும்பு வீல் சின்னச் சின்ன அடிகளை மறந்துவிடும். அலுமினியம் மறக்காது. ஒவ்வொரு வளைவிலும் வாங்கிய பாரத்தை உள்ளே சேர்த்துக்கொண்டே போகும். அந்தக் காலத்து டயர் வளைவில் கொஞ்சம் வழுக்கிக் கொடுத்துவிடும். இப்போது வரும் டிராக் டயர் பல்லி மாதிரித் தரையைப் பிடிக்கும். பிடிக்கிறது டயர், அந்தப் பிடியைத் தாங்குகிறது வீல். பழைய வீலைச் செய்தவன் இப்படி ஒரு டயர் வரும் என்று கனவு கூடக் கண்டிருக்க மாட்டான்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு காரின் வீல் டிராக்கிலேயே உடைந்தது. வேறெங்கோ விரிசலுக்கு வெல்டு வைத்துப் பெயிண்ட் அடித்திருந்த வீல். நடுவிலிருந்து வளையத்துக்குப் போகும் கைகளை ஸ்போக் என்போம். ஸ்போக்குகள் காரோடு நின்றுவிட்டன, வளையம் டயரோடு தனியே உருண்டு போனது. ஓட்டியவர் இடுப்பெலும்பு முறிந்து பல மாதம் படுத்தார். சார் உடைந்த துண்டுகளை மேசையில் பரப்பி எங்களை அழைத்தார். உடைந்த முகத்தில் ஒரு பகுதி கறுத்து மங்கியிருந்தது, மீதி பளபளவென்று சர்க்கரைக்கட்டி மாதிரி இருந்தது. "கறுப்பு, எப்பவோ ஒடஞ்சது. மினுக்கறது, இன்னைக்கு ஒடஞ்சது. இத்தனூண்டு மினுக்கறதுதான் அவரைத் தூக்கிட்டு ஓடியிருக்கு" என்றார். அந்தத் துண்டை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து பட்டறையில் ஒரு சட்டம்: கழித்த வீல் முழுசாக வெளியே போகக் கூடாது. அறுத்த பிறகுதான் போக வேண்டும்.

இனி உமையாள் ஆச்சியின் கதைக்கு வருகிறேன். எழுதச் சொன்ன பிள்ளைகளுக்கு வேண்டியது இதில்தான் இருக்கிறது.

கோயம்புத்தூர் டிராக்கில் வருஷத்துக்கொரு தடவை பழைய கார்களை ஓட்டும் கூட்டம் நடக்கும். கானாடுகாத்தானிலிருந்து உமையாள் ஆச்சி தன் காரைக் கொண்டுவருவதாகப் பேர் கொடுத்திருந்தார். அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, மலேயாவில் வாங்கிக் கப்பலில் கொண்டுவந்த சிவப்புக் கார். இரண்டே சீட்டு, துணிக் கூரை. அப்பச்சி காலமான பிறகு சொத்தெல்லாம் பங்கானபோது இந்தக் காரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டவர். முன்னோட்டத்துக்காக ஒரு தடவை டிராக்கில் ஓட்டியபோது ஸ்டியரிங் நடுங்கியிருக்கிறது, இடது முன் டயரில் காற்றும் குறைந்திருக்கிறது. கூட்டத்தாரோ எங்கள் பட்டறையின் சான்று இல்லாமல் பழைய வீல்களை உள்ளே விட மாட்டார்கள். சார் என்னைக் கூப்பிட்டார். "ஒங்க ஊருப் பக்கந்தான்யா. போயி வீட்டையும் எட்டிப் பாத்துட்டு, அந்த வீலையும் பாத்துட்டு வா."

கானாடுகாத்தானில் பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கும். ஆச்சி தன் வீட்டு முன்கட்டை வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஓட்டலாக்கிவிட்டுப் பின்கட்டில் இருந்தார். கார் பின்வாசல் கொட்டகையில் நின்றது. அதன் பக்கத்தில் மீசையை முறுக்கிக்கொண்டு டிரைவர் சோலைமலை. அப்பச்சி காலத்திலிருந்து இருக்கிறவர்.

"வாங்க தம்பி. பொண்ணுப் பாக்க வந்தவுக மாதிரி பாருங்க. மணலு அடிச்சு, பாலிசுப் போட்டு, புது மாப்ள கணக்கா வச்சிருக்கேன்."

"மணலா அடிச்சீக?"

"பின்னே? காரைக்குடியில நல்ல ஆளு. ஆச்சி பேரு கெட்டுறப்புடாதுல்ல. இன்னும் ஒரு சில்வர் கோட்டு அடிச்சா முடிஞ்சது."

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் நான்கு வீலுக்கும், ஸ்டெப்னிக்கும் புதிதாகச் சில்வர் பெயிண்ட் அடிப்பார்கள். பழைய பெயிண்டைச் சுரண்ட மாட்டார்கள். அதன் மேலேயே அடிப்பார்கள். காய்ந்த பிறகு சந்தனம், குங்குமம். அப்பச்சி இருந்தவரை அவர் கையாலேயே அலுமினியப் பொடியை வார்னிஷில் குழைத்து அடிப்பாராம். அவருக்குப் பிறகு சோலைமலை ஸ்பிரே டப்பாவால். பக்தியில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் வருஷா வருஷம் ஒரு திரை போட்டு மூடிய மாதிரி ஆகிவிட்டது. ஸ்டெப்னிக்கு மட்டும் மணல் அடிக்கவில்லை. அதற்கு மருந்து தடவினேன். வெங்காயம் மாதிரி உரிந்து வந்தது. மேலே நீலம் பாய்ந்த சோலைமலையின் சில்வர். அடியில் மஞ்சள் பூத்த, கெட்டியான சில்வர். சோலைமலை அந்த மஞ்சள் தோலைக் கையில் வாங்கிப் பார்த்து, "இது அப்பச்சி அடிச்சது" என்றார்.

நான்கு வீலுக்கும் முறைப்படி சாயம் பூசி, துடைத்து, வெள்ளை போட்டேன். ஒரு கோடும் எழவில்லை.

ஆச்சி கொட்டகைக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பருத்திச் சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். கையில் எனக்கு மோர்.

"எப்படியிருக்குண்ணே?"

"கோடு தெரியலை ஆச்சி. ஆனா மணலடிச்ச வீலு. தெரியாததுக்கு அதுவே காரணமா இருக்கலாம். காஸ்டிக் சோடாவுல மேல்தோலக் கொஞ்சம் கரைச்சுட்டு மறுபடி பாக்கணும்."

"பாலிசு போயிருமே?"

"போயிரும். கறுத்துத்தான் போகும்."

"கோடு இல்லைன்னு நீங்களே சொல்றீக. அப்பறம் எதுக்குப் போட்டு எரிக்கணும்? ஏதாச்சும் ஒரு முகாந்திரம் வேணுமுல்ல?"

அவர் கேட்டது நியாயம். காற்றுக் குறைந்த விஷயத்தைச் சொன்னேன், டியூப் இல்லாத டயரில் வீல் விரிசல் விட்டால் அந்த வழியாகவும் காற்று போகும் என்றேன். சோலைமலை உடனே வந்து விழுந்தார். "வால்வு மாத்திட்டேன் தம்பி! மூணு நாளா நிக்கிது, இம்மிகூடக் கொறையல." உண்மைதான். கேஜ் வைத்துப் பார்த்தேன், குறையவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் பழைய தொட்டியில் இடது முன் வீலை டயரோடு அமுக்கிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை.

சாருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நிக்கிற வீல்கிட்ட என்னய்யா கேக்குற? அது டிராக்குல சாயும்போதுதான காத்த விட்டுச்சு? சாய்ச்சுக் கேளு" என்றார்.

ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த ரைஸ் மில்லில் நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் ஒன்று உண்டு. காரை அங்கே கொண்டுபோகச் சொன்னேன். நான்கு டயரிலும் ஒரே அளவு காற்று. வலப்பக்கமாகவே வட்டமடித்தால் பாரமெல்லாம் இடது முன் வீலுக்கு வரும், விரிசல் இருந்தால் வாய் திறக்கும். மெதுவாக, ஆனால் இறுக்கமாக. ஏதாவது ஆனாலும் பக்கத்தில் மோத எதுவுமில்லை. நானும் ஏறிக்கொண்டேன். சந்தேகப்பட்ட வீலில் இன்னொருவரை மட்டும் ஏற்றிவிட்டு நான் ஓரமாக நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆச்சி செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளினார். "செருப்புப் போட்டா பெடலு பேசுறது கேக்காதுண்ணே."

"மெதுவா ஆச்சி."

"இதுக்கு மேல மெதுவாப் போனா எறங்கி நடந்தே சுத்திறலாம். என்ன, வாய் முணுமுணுக்குது?"

"முருகா முருகாங்கிறேன்."

"எனக்கும் சேத்துச் சொல்லுங்க."

சொன்னேன். என் வாழ்க்கையில் எத்தனையோ ரேஸ் டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்த விதத்தில் ஒரு பதற்றம் இல்லை, ஒரு விரயம் இல்லை. டயர் முனகுகிற எல்லையிலேயே காரை வட்டத்துக்கு வட்டம் நூல் பிடித்த மாதிரி வைத்திருந்தார். இப்படி ஓட்டுகிறவர் டிராக்கில் வேகத்தைக் குறைக்கப் போவதில்லை என்பதும் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பயம் அங்கேதான் வந்தது. பயந்து ஓட்டுகிறவருக்கு இந்த வீல் இன்னும் சில வருஷம்கூட உழைக்கலாம். இவருக்கு உழைக்காது.

நிறுத்தியதும் குத்தவைத்துக் கேஜ் வைத்தேன். ஓடிச் சூடான டயரில் காற்றழுத்தம் ஏறத்தான் வேண்டும். மூன்று வீலில் ஏறியிருந்தது. இடது முன் வீலில் இறங்கியிருந்தது.

கேஜை ஆச்சியிடமே கொடுத்தேன். அவரே வைத்துப் பார்த்தார். பக்கத்து வீலுக்குப் போய் வைத்தார். திரும்ப வந்து இதற்கு வைத்தார். சோலைமலை, "கேஜு கோளாறா இருக்கும்" என்றார்.

"சோலை, சும்மா இரு" என்ற ஆச்சி என் பக்கம் திரும்பினார். "கரைச்சுப் பாருங்கண்ணே."

காஸ்டிக் பட்டதும் பாலிஷ் எல்லாம் கறுத்துப் பொங்கியது. கழுவி, கறையெடுத்து, வெயிலில் உலர்த்தி, மறுபடி முதலிலிருந்து வந்தேன். சாயம் ஊறக் காத்திருந்தேன். துடைத்தேன். வெள்ளை போட்டேன். வீலின் பின்பக்கம், ஒரு ஸ்போக் வளையத்தோடு சேரும் மூட்டில், முதலில் ஒரு சிவப்புப் புள்ளி. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் கையை நீட்டித் தொட்டுக்கொண்ட மாதிரி ஒரு கோடு. தலைமுடி கனம்தான் இருக்கும், ஆனால் மூட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வளைந்து போனது.

ஆச்சி அதன் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "இவ்வளவுதானா?"

"வெளிய இவ்வளவு. உள்ள எவ்வளவுன்னு இப்பச் சொல்ல முடியாது."

"வெல்டு வச்சா?"

"பக்கத்துல இருக்கிற உலோகமெல்லாம் வெந்து சத்துப் போயிரும் ஆச்சி. ஒரு வீலு அப்படி வெல்டு வச்ச எடத்துலயே விட்டுப் போனத நான் கண்ணால பாத்திருக்கேன்."

"கூட்டம் அடுத்த வாரம். அதுக்குள்ள வேற வீலு?"

"வராது."

அவர் தம்பியும் மச்சான்மாரும் அந்தக் கூட்டத்துக்கு வருவதாக இருந்தார்கள். "பேரு குடுத்துட்டு வராமப் போனா, பொம்பளைக்கு எதுக்குக் காருன்னு காலம் பூராச் சொல்லிக் காமிப்பாங்கெ" என்று சோலைமலை பின்னால் என் காதில் சொன்னார். ஆச்சி அதைச் சொல்லவில்லை. எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, "சரி, இந்த வருசம் இல்ல" என்றார். எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை இரண்டு மடங்கானது. ஆனால் நான் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது.

"ஆச்சி, கழிச்ச வீல நாங்க முழுசா விட மாட்டோம். அறுத்துறணும்."

முகம் மாறிவிட்டது. "என்ன பேசுறீக? எங்கப்பச்சி கையால பெயிண்டு அடிச்சு, சந்தனம் வச்சுக் கும்பிட்ட சக்கரம். மாட்டலைங்கிறேன், அதோட விடுங்க. சாமி ரூம்புல ஓரமா வச்சுக்கிறேன்."

எனக்கும் அது லேசான காரியம் இல்லை. சந்தனம் வைத்த எதையும் காலால் தாண்டாத வீட்டில் வளர்ந்தவன் நான். யோசித்துத்தான் சொன்னேன். "எங்க ஊரு ஐயனாருக்கு வருசா வருசம் மண்ணுல குதிரை செஞ்சு புரவி எடுக்குறோம். புதுக் குதிரைக்குத்தான் கண்ணு தொறந்து கொண்டுபோயி விடுறோம். பழசு மேல சாமி குறை சொல்றதில்லை ஆச்சி. குதிரைதான மாறுது?"

ஆச்சி விடவில்லை. "பழைய குதிரைய நீங்க ஒடைக்கிறீகளா? அங்கனயே காட்டுல மழையிலயும் வெயிலுலயும் நிக்க விட்டுறீகள்ல? அதே மாதிரி இதுவும் நின்டுட்டுப் போகட்டும்."

சோலைமலை, "அப்படிக் கேளுங்க ஆச்சி" என்றார்.

நான் வீலின் மேல் கையை வைத்தேன். "மண்ணுக் குதிரையில எவனும் ஏறி ஓட்டப்போறதில்ல ஆச்சி. இத எவனாச்சும் மாட்டலாமே."

ஆச்சியின் மகள் சென்னையில் படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வரும்போதெல்லாம் இந்தக் காரை எடுத்துக்கொண்டு திருக்கோஷ்டியூர் வரை ஒரு சுற்றுப் போய் வருவாள் என்று காலையில்தான் சோலைமலை பெருமையாகச் சொல்லியிருந்தார். ஆச்சி சோலைமலையைப் பார்த்தார். "எனக்குப் பெறகு, அவ வந்து தாத்தா வீலு எங்கன்னு கேட்டா நீ எடுத்துக் குடுப்பியா, மாட்டியா?"

சோலைமலை மீசையைத் தடவினார். "குடுப்பேன் ஆச்சி. பிள்ளை ஆசையாக் கேட்டா எப்படி மாட்டேங்கிறது?"

"அறுங்கண்ணே" என்றார் ஆச்சி.

சூடம் கொளுத்தி ஒரு தரம் காட்டினார். டயரைக் கழற்றிவிட்டு வளையத்தை அந்த ஸ்போக்குக்கு இரண்டு பக்கமும் அறுத்தேன். சோலைமலை பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். மூட்டைப் பிரிக்க ஓங்கி அடிக்க வேண்டியிருக்கும் என்று சம்மட்டியைத் தேடிவைத்திருந்தேன். தேவைப்படவில்லை. மரச்சுத்தியால் தட்டியதற்கே துண்டு கையோடு வந்துவிட்டது.

உடைந்த முகத்தை வெளிச்சத்தில் காட்டினேன். மினுமினுப்பாக, இன்றைக்கு உடைந்ததாக இருந்த பகுதி சுண்டுவிரல் நகத்தளவு. மீதியெல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்பின் ஓரத்தில் விரிசலின் வாய்ப்பக்கம் ஏதோ படிந்திருந்தது. லென்ஸ் வைத்தேன். சில்வர். நீலம் பாய்ந்த சில்வர் இல்லை, மஞ்சள் பூத்த சில்வர்.

நான் சொல்வதற்கு முன் சோலைமலை திரும்பி எட்டிப் பார்த்துவிட்டார். "ஆச்சி, இது அப்பச்சி கொழைச்சதுல்ல?"

ஆச்சி துண்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அப்பச்சி இருந்தபோதே அது விரிசல் விட்டிருந்தது. அவர் குனிந்து உட்கார்ந்து, மகளை ஏற்றிப் போகும் காரின் சக்கரத்துக்கு அழகாகப் பெயிண்ட் அடித்தபோது, பெயிண்ட் உள்ளே இறங்கியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. அந்த வீலில்தான் அவளைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார், மதுரைக்கும் திருச்சிக்கும் போயிருக்கிறார்கள், போன மாதம் டிராக்கிலும் ஓடியிருக்கிறது.

ஆச்சி அழப்போகிறார் என்று நினைத்தேன். கண் நிறைந்துதான் இருந்தது. ஆனால் சிரித்தார். "பெயிண்ட ஊத்தியே ஒட்டவச்சிருக்காக எங்கப்பச்சி. பாருங்க, இத்தன வருசம் தாங்கியிருக்கு!"

மற்ற வீல்களையும் கரைத்துப் பார்த்ததில் இன்னொன்றிலும் கோடு எழுந்தது. இரண்டும் தாங்கிய காலத்தை மற்றவையும் தாங்கியவைதான் என்பதால் எல்லாவற்றையும் கழித்தோம். அந்த வருஷம் அவர் ஓட்டவில்லை. தம்பி வகையறா சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். அதே ஜாடையில் புதிதாக வார்த்த வீல்கள் வந்ததும் அடுத்த வருஷம் ஓட்டினார். முன்னால் போன கார்களில் ஒன்றைப் பிடிக்கக் கடைசி வளைவில் அவர் சாய்ந்த சாய்ப்பு இருக்கிறதே, சார் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். வெள்ளைச் சட்டைக்காரர் வேர்த்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், பாலிஷ் போட்டு வந்த வீலை இன்னும் கவனமாகப் பாருங்கள். நட்டு உட்காரும் இடத்தில் பெயிண்ட் இருந்தால் எடுத்துவிடுங்கள், பெயிண்ட் நசுங்கினால் நட்டு தளரும். நின்ற வீலில் காற்று குறையவில்லை என்று யாராவது சொன்னால், ஓடிய பிறகு எவ்வளவு என்று கேளுங்கள். கழித்ததை அறுங்கள். வாங்கிப் போகிறவர் நல்லவராக இருந்தாலும் அறுங்கள், நல்லவர்கள்தான் வைத்திருந்து பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள்.

நான் ஓய்வு பெற்றுக் காரைக்குடிக்கு வந்தபிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் காலையில் சோலைமலை ஆட்டோ பிடித்து அனுப்பிவிடுவார். அந்த வீட்டில் இப்போது பெயிண்ட் அடிப்பதில்லை. வீல்களைக் கழற்றிக் கழுவி, பின்பக்கம் தெரியக் கொட்டகையில் வரிசையாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். சுவரில் அப்பச்சி படம். அதற்குக் கீழே மாடத்தில் அந்த அறுத்த துண்டு. நான் திருநீறு பூசிக்கொண்டு, கையை அலம்பிக்கொண்டு உட்காருவேன். சாயம், காத்திருப்பு, துணி, வெள்ளை. ஆச்சி சந்தனக் கிண்ணமும் குங்குமமும் வைத்துக்கொண்டு பின்னால் நிற்பார். இப்போது மகளும் நிற்கிறாள்.

போன ஆயுத பூஜைக்கும் அப்படித்தான். நான்காவது வீலில் வெள்ளை காய்ந்து, ஒரு புள்ளியும் எழாமல், வெறும் வெள்ளையாகவே நின்றது. லென்சை மடக்கினேன்.

"எப்படிண்ணே?"

"இன்னைக்கு இல்ல ஆச்சி."

"அப்பக் குங்குமம் வைக்கலாமா?"

வெள்ளையைத் துடைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். "வைங்க."